புரோகிராம் கோடு எல்லாருக்கும் தெரியும்னா, திருடனுக்கும் தெரியுமே?

அடுத்த கேள்வி, பாரிமுனையில ஹார்டுவேர் கடை வச்சிருக்கிற ஒருத்தர் அனுப்பியிருக்கார். நம்ம ஹார்டுவேர் இல்லீங்க, குழாய், நட்டு, போல்ட். படிக்கிறேன்: "சார், என் பையன் காலேஜ் படிக்கிறான். கடை கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ், வேர்டு, எக்ஸெல்லுக்குப் பதிலா லிப்ரே ஆபீஸ் எல்லாம் போடலாம், ஓப்பன் சோர்ஸ், காசே கிடையாதுங்கிறான். உள்ள இருக்கிற புரோகிராம் கோடை யார் வேணா பார்க்கலாமாம். அப்ப திருடனும் பார்ப்பானே? கடைக் கணக்கை நம்பி அதுல வைக்கலாமா?"

சார், உங்க பையன் சொன்னதுல பாதி சரி. காசு இல்லைங்கிறது இதுல பெரிய விஷயமே இல்ல. வாட்ஸ்அப்புக்குக் கூடத்தான் நீங்க காசு கொடுக்கல. ஆனா அந்த ஆப்போட கோடை உங்களால பார்க்க முடியாது, மாத்தவும் முடியாது. ஓப்பன் சோர்ஸ்ல லைசன்ஸே உங்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்துடுது. எந்த வேலைக்கு வேணா ஓட்டலாம், கோடைப் படிக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கு காப்பி போட்டுக் கொடுக்கலாம். 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன்ங்கிற அமெரிக்க புரோகிராமர், யார் வேணா பார்த்து மாத்தக்கூடிய ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யிற குனு திட்டத்தை அறிவிச்சப்போ ஆரம்பிச்ச கதை இது. 1991-ல ஹெல்சின்கியில மாணவரா இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியை, எழுதி வெளிய விட்டார்.

நீங்க வச்சிருக்கிறது ஆண்ட்ராய்டு போன்னா, அந்த லினக்ஸ் கெர்னல் ஏற்கெனவே உங்க சட்டைப் பையில இருக்கு. செட்டிங்ஸ், அபௌட் போன், லீகல் இன்ஃபர்மேஷன்னு போய்ப் பாருங்க, போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்னு பக்கம் பக்கமா ஓடும். உங்க பேங்க் ஓடிபி வர்றதே அதுல தான். பையனுக்கு ஸ்கூல்ல அரசாங்க லேப்டாப் கிடைச்சிருந்தா, அதுல விண்டோஸ் பக்கத்துல பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்திருக்கும். அதைச் செஞ்சது மத்திய அரசோட கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக், நம்ம சென்னையில.

இப்ப திருடன் விஷயம். திண்டுக்கல் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பூட்டு செய்யிற அத்தனை பேருக்கும் தெரியும். அதுக்காக உங்க கடை ஷட்டர் திறந்துடுதா? சாவி உங்ககிட்டதானே இருக்கு. மென்பொருள்ல சாவிங்கிறது உங்க பாஸ்வேர்டு. அது கோடுக்குள்ள இருக்காது.

ஆனா "எல்லாரும் பார்க்கிறாங்க, அதனால பத்திரம்"னு சிலர் அடிச்சு விடுவாங்க பாருங்க, அதையும் நம்பாதீங்க. இணையத்துல போற தகவலைப் பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்ல ஹார்ட்பிளீட்னு ஒரு ஓட்டை. 2012-ல உள்ள வந்தது, 2014 வரைக்கும் யார் கண்ணுலயும் படல. பார்க்க முடியும்ங்கிறது வேற, பார்த்தாங்கங்கிறது வேற.

இதைவிடப் பெரிய கதை 2024 மார்ச் கடைசியில நடந்தது. எக்ஸ்இசட்னு ஃபைலைச் சுருக்கிற ஒரு சின்ன மென்பொருள், லினக்ஸ் சர்வர்ல எல்லாம் இருக்கும். அதைப் பல வருஷமா கவனிச்சிட்டு வந்தவர் சம்பளம் இல்லாம, ஓய்வு நேரத்துல செஞ்சவர். ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் உதவிக்கு வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா வேலை செஞ்சு, நல்ல பேர் வாங்கி, பொறுப்புக்கே வந்துட்டார். அப்புறம் 5.6.0 வெளியீட்டுல பின்வாசல், அதாவது சர்வருக்குள்ள திருட்டுத்தனமா நுழையிற வழி, வச்சார். அதுவும் எப்படி? டெஸ்ட் ஃபைல் மாதிரி வேஷம் போட்டு விஷத்தை ஒளிச்சு வச்சு, அதைப் பிரிச்செடுக்கிற வரியை டவுன்லோடு பண்ற தொகுப்புல மட்டும் சேர்த்தார். எல்லாரும் கோடு பார்க்கிற இடத்துல அந்த வரியே இல்ல.

மைக்ரோசாஃப்ட்ல வேலை பார்க்கிற ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், அவர் போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸ் மென்பொருளோட டெவலப்பர், ஏதோ வேகம் அளந்துட்டு இருந்தப்போ சர்வருக்குள்ள லாகின் ஆக அரை செகண்ட் அதிகமா ஆகுதுன்னு கவனிச்சார். அரை செகண்ட்! நாமளா இருந்தா நெட் ஸ்லோன்னு விட்டிருப்போம். அவர் விடல. தோண்டினார், கோடைக் காட்டாத மென்பொருளா இருந்தா அவ்வளவு தூரம் தோண்டுறது ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், பின்வாசலைக் கண்டுபிடிச்சுட்டார். பெரும்பாலான சர்வருக்குப் போறதுக்குள்ள பழைய வெர்ஷனுக்குத் திருப்பிட்டாங்க.

காசு யார் கொடுக்கிறாங்கன்னு உங்களுக்குத் தோணும். ரெட் ஹேட்ங்கிறது லினக்ஸுக்கு சப்போர்ட் கொடுத்தே வளர்ந்த கம்பெனி, அதை 2019-ல ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்குச்சு. அதே உலகத்துல எக்ஸ்இசட்டைப் பார்த்துக்கிட்டவருக்கு சம்பளமே இல்ல. இது எனக்கு இன்னும் உறுத்துது.

சரி, உங்க கடைக்கு வர்றேன். உண்மையில பயப்பட வேண்டியது, காசு கொடுக்காம ஓட்டுறதுக்காக லைசன்ஸ் பூட்டை உடைச்சு, பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்து போடுற கிராக் காப்பிக்குத்தான். அதை யாரோ பிரிச்சு மாத்தியிருக்காங்க, என்ன மாத்தினாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லிப்ரே ஆபீஸை அவங்க சொந்த சைட்லேர்ந்து இறக்குங்க, தேடும்போது மேல வர்ற விளம்பரத்தை அமுக்காதீங்க. அது விண்டோஸ்லயே ஓடும், அதனால லினக்ஸுக்கு இப்பவே தாவணும்னு இல்ல. டேலி வச்சிருந்தா விண்டோஸ் இருக்கட்டும், அது விண்டோஸுக்குன்னு செஞ்சது. பழைய எக்ஸெல் ஷீட்டுல மேக்ரோ, அதாவது வேலையைத் தானா செய்யிற குட்டி புரோகிராம், இருந்தா மட்டும் லிப்ரேல தகராறு பண்ணும், முதல்ல ஒரு காப்பில திறந்து பாருங்க.

மாத்துறதுன்னா ஒரு மாசத்துக்கு ரெண்டுலயும் கணக்கு எழுதச் சொல்லுங்க, பேக்கப்பைத் தனி ஹார்டுடிஸ்க்ல எடுத்து வைங்க. ஆரம்பிக்கிறதை மாசம் 20-ஆம் தேதி தாண்டி, மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி போட்ட பிறகு வச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி கைவச்சா ஆடிட்டர் உங்களைத் திட்டுவார், நீங்க பையனைத் திட்டுவீங்க.