ஐம்பத்தாறு ஆட ஆறு மூலை மேசை: வீட்டுலயே செஞ்ச கதை

வணக்கமுங்க, எல்லாரும் சௌக்கியந்தானுங்களா? பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில இருந்து பேசறேன். பின்னாடி தெரியுது பாருங்க, பச்சைத் துணி போட்ட ஆறு மூலை மேசை. ஆசாரி மாமனும் நானும் சேந்து செஞ்சது. சீட்டு மேசைங்க. போக்கர் மேசை கட்டற முறையிலயே கட்டினது, ஆனா ஆடப்போறது போக்கர் இல்லை, நம்ம ஐம்பத்தாறு.

ஏன் செஞ்சேன்னு மொதல்ல சொல்லிடறேன். எங்க பெரியப்பா செட்டு ஒண்ணு இருக்குது. ஆறு பேரும் அறுபதைத் தாண்டினவங்க. சாயங்காலமானா எங்க திண்ணையில ஜமுக்காளத்தை விரிச்சு உக்காந்துக்குவாங்க. இப்ப பாதிப் பேருக்கு மொழங்கால் மடங்க மாட்டேங்குது. கீழ உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். பிளாஸ்டிக் மேசை போட்டுப் பாத்தாங்க, வழவழன்னு இருக்கறதால சீட்டு எடுக்க வரலை, காத்துக்கும் நிக்கலை. ஒருத்தர் ஒருத்தரா வர்றது கொறைஞ்சுது. ஆட்டம் நின்னா அந்தச் சாயங்காலமும் நின்னுபோகும்னு எனக்குப் பயமாயிடுச்சுங்க. வயசானவங்க வெளிய வந்து நாலு பேரோட உக்காந்து, கணக்குப் போட்டு, சண்டை போட்டு, சிரிச்சுட்டுப் போறது சாதாரண விசயமில்லை.

நெட்டுல தேடினா அமெரிக்காக்காரங்க செய்யற போக்கர் மேசைதான் வருது. நீளமா முட்டை வடிவத்துல, எட்டுப் பத்துப் பேர் உக்காரலாம், நடுவால சீட்டுப் போடறவருக்குத் தனி எடம், காசு வில்லை அடுக்க ஓரத்துல மரப்பட்டை. போக்கருக்கு அது சரி. அங்க அவனவன் தனியா ஆடறான். ஐம்பத்தாறு அப்படியில்லைங்களே. மூணுக்கு மூணு. ஒருத்தர் விட்டு ஒருத்தர் நம்ம கட்சி, ரெண்டு பக்கத்துலயும் எதிர்க்கட்சி, நேர் எதிர்ல உக்காந்திருக்கறவரும் எதிர்க்கட்சி. ஆறு பேருக்கும் ஆறு பேர் மூஞ்சியும் ஒரே மாதிரி தெரியணும், கேள்வி கேக்கறது, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம்னு ஏலம் கூறறது, காதுல விழணும். முட்டை மேசையில மொனையில உக்காந்தவர் ஒதுங்கிப்போயிடுவாரு. அதனாலதான் ஆறு மூலை.

ஆட்டம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. ரெண்டு கட்டுச் சீட்டுல இருந்து குலான் (ஜாக்கி), ஒம்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி மட்டும் எடுத்துக்கணும். மொத்தம் 48 சீட்டு, ஆளுக்கு எட்டு. குலானுக்கு 3 புள்ளி, ஒம்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு, ராஜா ராணிக்கு ஒண்ணுமில்லை. கூட்டிப் பாத்தா 56 வரும். 28-ல இருந்து கேள்வி ஏறும். கேக்கற விதத்துலயே கையில என்ன இருக்குதுன்னு கூட்டாளிக்குச் சொல்லணும், அதுதான் இந்த ஆட்டத்தோட உயிரு. காசு வெச்சு ஆடறதில்லைங்க எங்க திண்ணையில. தோத்தா காதுல குணுக்கு, அதாவது தொங்கட்டான், மாட்டணும், அவ்வளவுதான். அந்தக் குணுக்குக்குப் பயந்து அவங்க ஆடற ஆட்டம் இருக்குதே, லட்ச ரூபா வெச்சாலும் அப்படி ஆடமாட்டாங்க.

சரி, மேசைக்கு வருவோம். 18 எம்எம் பிளைவுட், எட்டுக்கு நாலு அடி ஷீட்டு ஒண்ணு. நம்ம பக்கம் கிடைக்கற பிளைவுட்டுல நெறைய பெரும்பாவூர்ல செய்யறதுங்க. வாங்கறப்ப ஷீட்டு மேல இருக்கற முத்திரையைப் பாருங்க. ஐஎஸ் 303-ன்னு தர நம்பர் போட்டு அதுலயே எம்ஆர் (ஈரம் தாங்கறது), பிடபிள்யூஆர் (கொதிக்கற தண்ணியும் தாங்கறது)னு ரெண்டு தரம் வரும். விலை கம்மின்னு எம்ஆர் எடுத்துடாதீங்க. நம்ம ஊரு பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்குது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல அந்த வாசல் வழியாத்தான் தென்மேற்குப் பருவக்காத்து உள்ள வருது. ஜூன்ல ஆரம்பிச்சா திண்ணையில சாரல் அடிக்காத நாளே இல்லை. எம்ஆர் ஒட்டு அந்த ஈரத்துக்குத் தாங்காது, ஓரம் உப்பி ஏடு ஏடா பிரியும். பிடபிள்யூஆர் போட்டாலும் வெட்டின ஓரத்துக்கு வார்னிஷ் குடுத்தே ஆகணும், தண்ணி உள்ள போறதே அந்த வெட்டுவாய் வழியாத்தான்.

ஆறு மூலை வரையறதுக்கு மட்டப்பலகை, கோணமானி எதுவும் வேண்டாமுங்க. ஆசாரி மாமன் ஒரு ஆணியும் ஒரு நூலும் வெச்சே முடிச்சுட்டாரு. நடுவுல ஆணி, அதுல இருந்து இருபத்தேழரை அங்குலம் நூல், ஒரு வட்டம். அப்புறம் அதே நூலை வட்டத்து மேல ஒரு புள்ளியில இருந்து அடுத்த புள்ளிக்கு வெச்சுட்டே போனாரு. சரியா ஆறாவது தடவை ஆரம்பிச்ச எடத்துலயே வந்து நின்னுது. ஆறு மூலை உருவத்துல பக்கத்தோட நீளமும் நடுவுல இருந்து மூலைக்கு இருக்கற தூரமும் ஒண்ணுதான்னு பள்ளிக்கூடத்துல படிச்சது, கண்ணு முன்னால பாத்தப்ப மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

ஏன் இருபத்தேழரைன்னா, பக்கத்துக்குப் பக்கம் அகலம் நாப்பத்தேழரை அங்குலத்தைச் சொச்சம் தாண்டும். நாலடி ஷீட்டுல அதுக்கு மேல போகாது, ரம்பம் போற எடமும் கணக்குல வேணுமே. ஒரு ஆளுக்கு ரெண்டடி எடம் இருந்தா கை இடிக்காது, இங்க அதுக்கும் மேலயே இருக்குது. எந்தப் பக்கத்துல இருந்து கை நீட்டினாலும் நடுவுக்கு ரெண்டடிக்குள்ள. பெரியப்பா உக்காந்தபடியே நடுவுல சீட்டைப் போடலாம், எந்திரிச்சுக் குனிய வேண்டியதில்லை. மிச்சம் நிக்கற துண்டுல ஓரத்துக் கட்டைக்கு, அதாவது மேசை விளிம்பைச் சுத்தி எழும்பி நிக்கற சட்டத்துக்கு, வேண்டிய ஆறு பட்டையும் வந்துடும். கால் போக, ஒரே ஷீட்டுல மொத்த மேசை.

இந்த ஓரத்துக் கட்டைதான் வேலையிலேயே கஷ்டமானது, அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். நாலு அங்குல அகலத்துல ஆறு பட்டை, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனையிலயும் 30 டிகிரி சாய்வு வெட்டு. மொத்தம் பன்னெண்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டுலயும் அரை டிகிரி நகர்ந்தாலும் கடைசி மூட்டுல ஆறு டிகிரி வாய் பொளந்து நிக்கும். மாமன் ஆறையும் ஒண்ணா ஒட்ட விடலை. மூணு மூணாச் சேத்து ரெண்டு பாதி. பாதியோட ரெண்டு முனையும் ஒரே நேர்கோட்டுல வரணும், அதை ஒரு நீட்டப் பலகை வெச்சுப் பாத்து, எங்க மேடு இருக்குதோ அங்க மட்டும் இழைப்புளி போட்டாரு. கொறை எல்லாத்தையும் அந்த ஒரு கோட்டுக்குக் கொண்டுவந்து அங்கயே தீத்துட்டாரு. அப்புறம் ரெண்டு பாதியையும் சேத்தா, இங்க பாருங்க கேமராவைக் கிட்ட கொண்டுவர்றேன், நகம் கூட நுழையாது.

கால் ஆறும் பழைய நெலவுக்கட்டை. பாட்டி வீட்டை இடிச்சப்ப எடுத்து வெச்ச பலா மரம். மேல கறுத்துக் கெடந்துது, இழைச்சதும் உள்ள மஞ்சமஞ்சேர்னு வந்துச்சுங்க. கொஞ்ச நாள் போனா காத்துப் பட்டுச் செவப்பேறிடும். உயரம் எவ்வளவு வெக்கறதுன்னு நான் இஞ்சு டேப்பை எடுத்தேன். "கண்ணு, ஒரு கோல் வெச்சாப் போதும்"னாரு மாமன். கேரளத்து ஆசாரிமார் கணக்குல ஒரு கோல்ங்கறது 24 விரல், 72 சென்டிமீட்டர். அதுக்கு மேல பலகையும் மெத்தையும் ஏறினா எழுபத்து நாலரை வரும். நாற்காலியில உக்காந்து முழங்கையை வெச்சுப் பாத்தேன், தோள் தூக்கலை, முதுகு கூனலை.

மூணு கால் வெச்சா எந்தத் தரையிலயும் ஆடாதேன்னு எனக்கு ஒரு யோசனை இருந்துச்சு. வாஸ்தவந்தான், மூணு கால் ஆடாது. ஆனா கால் இல்லாத மூலையில ஒருத்தர் சாஞ்சா மேசை அப்படியே கவிழும். எங்காளுங்க குலானை எறக்கறப்ப மெதுவாவா வெப்பாங்க? கையை ஓங்கி அடிப்பாங்க. அதனால ஆறு மூலைக்கும் ஆறு கால், அடியில திருகி உயரம் சரி பண்ற புஷ். திண்ணை தரை மேடு பள்ளத்துக்கு அதைத் திருகிக்கலாம்.

மேல்பக்கம். பலகை மேல அஞ்சு எம்எம் ஈவிஏ ஃபோம். மெத்தைக்குப் போடற ஸ்பாஞ்சு வேண்டாம், அழுத்தினா உள்ள போயிட்டுச் சீட்டு சரியும். ஈவிஏ கெட்டியா இருக்கும், ஆனா விரல் நுனி கொஞ்சம் அமுங்கும். அந்தக் கொஞ்சம்தான் வேணும். சீட்டோட ஓரத்துல நகத்தை வெச்சுத் தட்டினா லேசாத் தூக்கிக்கும், அடியில விரல் போயிடும். பெரியப்பாவுக்கு விரல்ல மரமரப்பு இருக்குது, மொசைக்குத் தரையில சீட்டு எடுக்க எச்சில் தொட்டுத் தொட்டுப் பாடுபடுவாரு. இதுல ஒரே தட்டுல எடுத்தாரு. அதைப் பாத்ததுக்கே இந்த வேலை தகும்னு தோணுச்சுங்க.

ஃபோமை ஒட்ட ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி பசை. ரெண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு, கையில ஒட்டாத பதம் வந்ததும் அமுக்கணும். ஃபோமை ஓரத்துக் கட்டைக்கு அடியில அரை அங்குலம் மட்டும் போற மாதிரி வெட்டிக்கங்க. முழுசாப் போட்டா கட்டை மெத்து மெத்துன்னு ஆடும்.

துணி விசயத்துல போக்கர்காரங்க சொல்றதை நான் எடுத்துக்கலை. அவங்க ஸ்பீட் க்ளாத்துன்னு ஒரு பாலியெஸ்டர் துணி போடறாங்க, சீட்டு பறக்கற மாதிரி வழுக்கிட்டுப் போகும். ஏசி ரூமுக்கு அது நல்லாருக்கும். நம்ம திண்ணையில கணவாய்க் காத்து வந்தா சீட்டு வேலந்தாவளத்துக்கே போயிடும். பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போடற கம்பளித் துணிதான் இங்க சரி, சீட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். கோயம்புத்தூர் போய் எடுத்துட்டு வந்தேன். வெல்வெட் அழகா இருக்குதுன்னு எடுக்காதீங்க, அதோட ரோமத்துல சீட்டு மாட்டிக்கும். ஓரத்துக் கட்டை ரெண்டு அங்குலத்துக்குக் கிட்ட எழும்பி நிக்கறதால காத்து நேரா மேசை மேல அடிக்கறதில்லை. சும்மா அழகுக்கு வெச்ச கட்டை இல்லைங்க அது.

துணிக்குப் பசையே போடலை. நல்லா இழுத்து அடியில மடிச்சு ஸ்டேப்ளர் மட்டும். நடுவுல ஒரு பின்னு, எதிர்ப்பக்கம் ஒரு பின்னு, அப்புறம் நடுவுல இருந்து மூலையைப் பாத்து. மொதல்லயே மூலையில அடிச்சுட்டா சுருக்கம் எங்கயும் போக வழியில்லாம நடுவுக்கு வந்துடும். ஓரத்துக் கட்டையும் ஒட்டினது கிடையாது. கட்டையோட மேல்முகத்துல டீ நட்டு (மரத்துல அடிச்சு இறக்கற, பல்லு வெச்ச நட்டு) அடிச்சு உக்கார வெச்சிருக்கேன், கீழ இருந்து 35 எம்எம் போல்ட்டு ஏறுது. பக்கத்துக்கு ரெண்டு. நீளமான போல்ட்டு போட்டா மேல வந்து, கட்டை மேல போடற ஸ்பாஞ்சைக் குத்தும். நாளைக்குத் துணியில டீ கொட்டுனாலோ நைஞ்சாலோ போல்ட்டைக் கழட்டி வேற துணி மாத்திக்கலாம்.

கட்டை மேல ஒரு அங்குல ஸ்பாஞ்சு, அதுக்கு மேல காப்பிக்கொட்டை நெறத்துல ரெக்சின். ரெக்சினை வெயில்ல கொஞ்ச நேரம் காயவெச்சு இழுத்தா நல்லா இளகி வரும். உள்பக்க மூலையில மட்டும் கத்தரி போடணும், விளிம்புக்கு ஒரு விரக்கடை முன்னாலயே நிறுத்திக்கங்க. விளிம்பு வரைக்கும் வெட்டினா கிழிசல் மேல ஏறிடும்.

டம்ளர் வெக்க ஓட்டை போடலையான்னு வீட்டுல கேட்டாங்க. போக்கர் மேசையில கட்டையிலயே ஸ்டீல் கிண்ணம் பதிச்சிருப்பாங்க. நாலு அங்குலக் கட்டையில மூணு அங்குலத்துக்கு ஓட்டை போட்டா ரெண்டு பக்கமும் அரை அங்குலம்தான் நிக்கும், முழங்கை ஊன்றற எடமே போச்சு. அதுக்குப் பதிலா ஒவ்வொரு கால்லயும் ஒரு சின்னப் பலகை, ஒத்தை ஸ்க்ரூவுல திரும்பற மாதிரி. வேணுங்கறப்ப வெளிய தள்ளினா டீ கிளாஸ், இல்லைன்னா உள்ள போயிடும். கொட்டினாலும் தரையிலதான் கொட்டும்.

நேத்து சாயங்காலம் ஆறு பேரும் வந்துட்டாங்க. வராம இருந்த ரெண்டு பேரும் சேத்து. சித்தூர் மாமா மேசையைச் சுத்தி வந்து, கட்டையை அமுக்கிப் பாத்து, "ஏனுங் தம்பி, இது நம்மளுக்கா?"ன்னு கேட்டாரு. எனக்கு உடனே பேச்சு வரலை. அதுக்குள்ள பெரியப்பா சீட்டைக் கலைச்சுப் போட்டுட்டாரு.

நீங்க நாலு பேரா இருபத்தெட்டு ஆடறவங்கன்னா ஆறு மூலை வேண்டாம், மூணடிக்கு மூணடி சதுரமே போதும், மூட்டு வெட்டு 45 டிகிரியா வரும். மத்தபடி ஃபோம், துணி, போல்ட்டு எல்லாம் இதே முறைதான். எங்க பக்கம் யாராவது செய்யறதா இருந்தா சொல்லுங்க, ஆசாரி மாமனைக் கூட்டிட்டு நானே வந்து நூல் பிடிச்சுத் தர்றேன். வரட்டுங்களா.