கையைப் பார்க்கிற வேலை

சேலம் நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டில் கேசினோ என்கிற சூதாட்ட விடுதியே கிடையாதே, அதன் காவலைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று ஓமலூரிலோ ஏற்காட்டிலோ கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நினைக்கலாம். கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றின் கண்காணிப்பு அறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்த வேலைக்குப் போகலாமா என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

காவல் என்றதும் வாசலில் நிற்கும் வாட்டசாட்டமான ஆள்தான் நினைவுக்கு வருவார். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவரை அவர் பார்த்துக்கொள்வார். பணத்தைக் காப்பவர்கள் வேறு. அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸில் கேமரா வருவதற்கு முன், உள்கூரைக்கு மேலே குறுகலான நடைபாதை போட்டிருந்தார்கள். ஒருபக்கக் கண்ணாடி வழியே, கையில் பைனாகுலரோடு குனிந்து பார்த்தபடி ஆட்கள் நடப்பார்கள். கழுத்து என்ன பாடு பட்டிருக்கும்! அப்புறம் கேமராவும் வீடியோ கேசட்டும் வந்தன. கேசட் மாற்றவே தனி ஆள் வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தைத் தேடி ஓட்டிப் பார்ப்பதற்குள் ஆசாமி கம்பி நீட்டிவிடுவார். டிஜிட்டல் பதிவு வந்த பிறகு, நடந்ததை அடுத்த நிமிடமே திருப்பிப் பார்க்க முடிகிறது.

ஆனால் பார்ப்பது அன்றும் இன்றும் கையைத்தான். மேசையை விட்டு விலகும் டீலர், அதாவது ஆட்டத்தை நடத்தும் ஊழியர், இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் மடியை உதறிவிட்டு எழுவார்களே, அதே கணக்கு. ஆடுகிறவர் கையும் லேசுப்பட்டதல்ல. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டில், பந்து விழுந்த பிறகு, ஜெயித்த எண்ணில் சத்தமில்லாமல் ஒரு சிப்பை, அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லையை, கூட்டி வைப்பது பழைய வித்தை. உள்ளே கூட்டாளி இல்லாமல் பெரிய திருட்டு நடப்பது அபூர்வம் என்பது என் எண்ணம்.

சிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் முன்போல் பிழைக்க முடியாது. 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸின் பெலாஜியோ கேசினோவில் ஒருவன் ஹெல்மெட்டோடு நுழைந்து, துப்பாக்கியைக் காட்டி, சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்புகளை அள்ளிக்கொண்டு பைக்கில் பறந்தான். தங்கள் 25,000 டாலர் சிப்புகளைத் திரும்பப் பெறுவதாகவும், கெடு முடிந்தால் அவை செல்லாது என்றும் நிர்வாகம் அறிவித்துவிட்டது. வேறு வழியில்லாமல் விற்கப் போனவன், மாறுவேடப் போலீஸிடமே விலை பேசி மாட்டினான்.

இப்போதைய திருடன் உள்ளே வருவதே இல்லை. 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் பல கேசினோக்களை நடத்தும் எம்ஜிஎம் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். ஊழியர் போலப் பேசி, அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர் உதவி மையத்தை ஏமாற்றித்தான் புகுந்ததாகச் செய்தி வந்தது. ஸ்லாட் மெஷின் எனும் சூதாட்ட இயந்திரங்கள் நின்றன, அறைச் சாவி அட்டைகள் வேலை செய்யவில்லை. சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று நிறுவனமே சொன்னது. அத்தனை கேமராவும் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலைக்கு உடம்பை ஏற்ற ஜிம்முக்குப் போக வேண்டாம், நெட்வொர்க் படியுங்கள். சாயங்காலம் உட்கார்ந்தால் விடியும்வரை திரையைப் பார்க்கக் கண் தாங்குமா என்றும் யோசியுங்கள். கழுத்தை நெரிக்கும் கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டு வாருங்கள். எங்கள் கப்பலில் ஆள் எடுக்கும்போது அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.