வில்லியமின் தங்கை: ‘பிளானட்டேரியம்’ கவிதையில் பெண்

[திரை: கவிதையின் தலைப்பு, அதன் கீழே ஒற்றை வரி]

அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1968-இல் எழுதிய ‘பிளானட்டேரியம்’ (கோளரங்கம்) கவிதை, வானியலாளர் கரோலின் ஹெர்ஷலை நினைத்து எழுதப்பட்டது. தலைப்புக்குக் கீழே அவரை அறிமுகப்படுத்தும் வரியிலேயே ‘வில்லியமின் தங்கை’ என்று ஓர் அடையாளம். கூடவே, ‘மற்றும் பிறர்’.

அந்தத் தங்கை யார்? வானியலாளரான அண்ணன் வில்லியம் ஹெர்ஷல் மணிக்கணக்கில் தொலைநோக்கிக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கை ஓயாமலிருக்க உணவை வாயில் ஊட்டிவிட்டவர். 1786-இல் அண்ணன் ஜெர்மனி போயிருந்த நாட்களில், தனியாக வானத்தைத் துழாவித் தன் முதல் வால்மீனைக் கண்டுபிடித்தவர். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார்.

[திரை: விண்மீன் கூட்டங்களின் பழைய ஓவியம்]

இனி வானத்தைப் பாருங்கள். கிரேக்கப் புராணத்தின் ஆண்ட்ரோமெடா, பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டவள். கசியோப்பியா, தற்பெருமைக்காக நாற்காலியோடு சுழலும்படி தண்டிக்கப்பட்டவள். வானம் முழுக்க அரக்கி உருவில் பெண்கள் என்கிறார் ரிச். அவர்களையெல்லாம் அங்கே ஏற்றிவைத்த கதைகளுக்கு நடுவே, பனியில் கடிகாரங்களோடும் கருவிகளோடும் நின்று அளந்துகொண்டிருக்கிறார் கரோலின். பார்க்கப்படும் பெண்களுக்கிடையில் பார்க்கும் பெண்! எனக்கு இந்தக் கவிதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து பதினாறாம் நூற்றாண்டு டேனிஷ் வானியலாளர் டைக்கோ பிராகியின் கண் வருகிறது. ஆண்மை மிக்கது, துல்லியமானது, ஐயமற்றது என்று அதற்குப் புகழாரம். துல்லியத்தையே ஆணின் குணமாக எண்ணிய காலத்தின் குரல் அது. ஆனால் வாழ்ந்தது வீணாகிவிடக்கூடாதே என்று கலங்குபவரும் அதே டைக்கோதான்.

[திரை: கவிதையின் கடைசிப் பகுதி]

இறுதியில் ‘அவள்’ மறைந்து ‘நான்’ வருகிறது. பெண் வடிவில் இருக்கும் ஒரு கருவி நான் என்கிறார் கவிஞர்; வந்து மோதும் துடிப்புகளைப் படிமங்களாக்கும் கருவி. கரோலினும் தன்னைக் கருவி என்றே சொல்லிக்கொண்டார். ஆனால் அது அண்ணன் தன் தேவைக்காகச் செதுக்கிய கருவி. பழக்கிய நாய்க்குட்டிகூட இவ்வளவு செய்திருக்கும் என்று தன்னைக் குறைத்துக்கொண்டார். அதே கருவி ரிச்சின் கையில் யாருக்கும் ஏவல் செய்வதில்லை. தானே வாங்குகிறது, தானே மொழிபெயர்க்கிறது. கவிதையின் பெண்ணியம் முழக்கங்களில் இல்லை, இந்த இடமாற்றத்தில் இருக்கிறது.

‘மற்றும் பிறர்’ எங்கே என்று கேட்பீர்கள். லண்டன் ராயல் வானியல் கழகம் 1828-இல் கரோலினுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. ரிச் இந்தக் கவிதையை எழுதியபோதுகூட அதைப் பெற்ற இன்னொரு பெண் இல்லை. அடுத்தவர் அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின், ஆண்டு 1996.