13-ஆம் எண்ணில் ஒரு ஃபுல் பேக்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு ரக்பி ஆட்டக்காரர் நாலைந்து ஆட்டங்களில் சோபிக்கவில்லை என்றால் "அவருக்கு ஃபார்ம் போய்விட்டது" என்று உடனே முடித்துவிடுகிறோம். ரசிகர்கள் சொல்கிறோம், வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள், தேர்வாளர்களும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதற்கு முன்னால் அவர் முதுகில் என்ன எண் இருந்தது என்று பாருங்கள். இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ரக்பி பழக்கமில்லாதவர்களும் இங்கே இருப்பீர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஓர் அணியில் 15 பேர். சட்டையில் உள்ள எண்தான் அவரவர் வேலை. 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள், பந்துக்காக முட்டி மோதுபவர்கள். 9 முதல் 15 வரை பேக்குகள், கிடைத்த பந்தை வைத்து ஓடுபவர்கள், உதைப்பவர்கள். இன்றைய பேச்சுக்கு மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 10 ஃப்ளை ஹாஃப், ஆட்டத்தை நடத்துபவர். 13 அவுட்சைட் சென்டர், பேக்குகளின் வரிசையில் நடுவே நிற்பவர். 15 ஃபுல் பேக், எல்லோருக்கும் பின்னால் நிற்பவர்.

இப்போது கிறிஸ்டியன் கல்லனைப் பற்றிச் சொல்கிறேன். நியூசிலாந்துக்காரர், ஃபுல் பேக். 1996-இல் சமோவாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட்டில் மூன்று ட்ரை அடித்தார். டெஸ்ட் என்றால் நாடுகளுக்கு இடையிலான ஆட்டம். ட்ரை என்றால் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது. அடுத்த டெஸ்ட் ஸ்காட்லாந்துக்கு எதிராக. அதில் நான்கு. மொத்தம் 58 டெஸ்ட்டுகளில் 46 ட்ரை. ஃபுல் பேக்காக ஆடியவர்களில் அவரைவிட எனக்குப் பிடித்தவர் வேறு யாரும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1999 உலகக் கோப்பையில் பயிற்சியாளர் ஜான் ஹார்ட் 15-ஆம் எண்ணை ஜெஃப் வில்சனுக்குக் கொடுத்தார். வில்சனும் அபாரமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. விங்கில், அதாவது இரண்டு ஓரங்களிலும், ஜோனா லோமு, டானா உமாகா. கல்லனை வெளியே உட்கார வைக்கவும் மனம் வரவில்லை. சரி, சென்டரில் ஆடட்டும் என்று 13-ஆம் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிடக் கூர்மையான பின்வரிசை கிடைக்காது. ட்விக்கன்ஹாமில் பிரான்சுடன் அரையிறுதி. நியூசிலாந்து 24-10 என்று முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து பிரான்ஸ் தொடர்ந்து 33 புள்ளிகள் எடுத்தது. முடிவு 43-31.

அந்தத் தோல்வியைக் கல்லன் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

ஃபுல் பேக்குக்கு ஆட்டம் முழுவதும் கண் முன்னால் விரிந்து கிடக்கும். எதிரணி உயரமாக உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்குவதற்குள் எங்கே இடைவெளி இருக்கிறது, யார் மெதுவாக வருகிறார், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பந்தைப் பிடித்தால் முன்னால் இருபது முப்பது மீட்டர் வெற்று நிலம். கல்லனின் மேதைமை அந்த வெற்று நிலத்தில்தான் இருந்தது. முதல் ஆளைச் சந்திப்பதற்குள் முழு வேகம் எடுத்திருப்பார். அந்த வேகத்திலேயே காலை மாற்றிப் போட்டுத் திசை திரும்புவார்.

13-இல் அந்த நிலம் கிடையாது. பந்து கைக்கு வரும்போதே எதிராளி ஐந்தாறு மீட்டரில் நிற்பார். தற்காப்பு இன்னும் கடினம். எதிரணி பந்தைக் கைமாற்றி வெளிப்பக்கம் நகர்த்தும்போது, உள்ளே வெட்டி வருபவரைப் பிடிப்பதா, வெளியே ஓடுபவரைத் துரத்துவதா என்று 13-ஆம் எண்காரர் ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அவருக்கு வெளியே நிற்கும் விங் ஆட்டக்காரர் இவரைப் பார்த்துத்தான் நகர்வார். இவர் அரை அடி தவறாக வைத்தால் இரண்டு பேர் வைத்ததாக ஆகிவிடும். தற்காப்பில் இதுதான் மிகச் சிரமமான இடம் என்று அங்கே ஆடியவர்கள் சொல்வார்கள். வருடக்கணக்கில் அதே இடத்தில் நின்று கண் பழகினால்தான் அது வரும். வேகமும் திறமையும் இருப்பதாலேயே வந்துவிடாது.

அடுத்த ஆண்டு வேன் ஸ்மித் பயிற்சியாளராக வந்தார். கல்லன் மறுபடி 15. அந்த 2000-ஆம் ஆண்டு ட்ரை நேஷன்ஸ் தொடரில், ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் எதிரான நான்கே ஆட்டங்களில், ஏழு ட்ரை அடித்தார். சில மாதங்களுக்கு முன் சென்டரில் சாதாரணமாகத் தெரிந்த அதே மனிதர். அவருக்கு ஃபார்ம் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. இருபது மீட்டர் பின்னால் போய் நின்றார், அவ்வளவுதான்.

நியூசிலாந்து இதிலிருந்து பாடம் கற்றிருக்கும் என்று நினைப்பீர்கள். 2003 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே 13-ஆம் எண்காரர் உமாகாவுக்கு முழங்காலில் அடி. அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? லியோன் மெக்டொனால்டை. அவரும் ஃபுல் பேக். சிட்னியில் அரையிறுதி, ஆஸ்திரேலியா 22-10 என்று வென்றது. 2007-இல் மில்ஸ் முலியைனா. அவரும் ஃபுல் பேக்தான். கார்டிஃபில் பிரான்சுடன் காலிறுதியில் அவருக்கு 13-ஆம் எண் கொடுத்தார்கள். 20-18 என்று தோற்று வெளியேறினார்கள். அன்று டான் கார்ட்டர் காயத்தோடு வெளியே போனார், லூக் மெக்காலிஸ்டர் மஞ்சள் அட்டை வாங்கினார். தோல்விக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் மூன்று உலகக் கோப்பைகளில், மூன்று வெவ்வேறு பயிற்சியாளர்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல ஃபுல் பேக்கை எடுத்து 13-இல் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், அதைத் தற்செயல் என்று நான் ஏற்கமாட்டேன். நல்ல ஆட்டக்காரன் எங்கே போட்டாலும் ஆடுவான் என்ற நம்பிக்கை அது.

2011-இலும் 2015-இலும் அவர்கள் கோப்பையை வென்றார்கள். அப்போது 13-இல் இருந்தவர் கான்ராட் ஸ்மித். பிறவி 13. அவர் ஓடுவதில் கல்லனுக்குக் கிட்டேகூட வரமாட்டார். ஆனால் தப்பான இடத்தில் நின்று அவரைப் பார்ப்பது அபூர்வம்.

இன்னொரு கதை இதைவிட மனதைச் சங்கடப்படுத்துவது. சாம் பர்ஜெஸ். ரக்பி லீக்கில் இருந்து வந்தவர். லீக் வேறு ஆட்டம், அணிக்கு 13 பேர்தான். நாம் இங்கே பேசுவது ரக்பி யூனியன். 2014-இல் ஆஸ்திரேலிய லீக் இறுதிப் போட்டியில் கன்ன எலும்பு முறிந்த நிலையிலும் முழு ஆட்டமும் ஆடி, சிறந்த ஆட்டக்காரருக்கான பதக்கத்தையும் வாங்கியவர். அப்புறம் இங்கிலாந்தின் பாத் கிளப்புக்கு வந்தார். அங்கே கொஞ்ச நாள் சென்டரில் ஆடவைத்துப் பார்த்துவிட்டு, 6-ஆம் எண்ணான ஃப்ளாங்கர் இடத்தில் வைத்தார்கள். தேசிய அணியின் பயிற்சியாளர் ஸ்டூவர்ட் லங்காஸ்டரோ 12-ஆம் எண், அதாவது இன்சைட் சென்டர் என்று முடிவு செய்தார். கிளப்பில் ஃபார்வர்டு, நாட்டுக்கு பேக். யூனியனுக்கே புதியவரான ஒருவர், ஒரே வருடத்தில் இரண்டு வேலை கற்க வேண்டும். 2015 உலகக் கோப்பையில் வேல்ஸுக்கு எதிராக 12-இல் தொடங்கினார். இங்கிலாந்து 28-25 என்று தோற்றது. அடுத்து ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது. அந்த நவம்பரிலேயே பர்ஜெஸ் லீக்குக்குத் திரும்பிவிட்டார். வசையெல்லாம் அவருக்குத்தான் விழுந்தது. வேல்ஸுடனான அந்த ஆட்டத்தில், அவரை வெளியே எடுக்கும்போது இங்கிலாந்து முன்னிலையில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அவரிடம் குறை இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு பயிற்சியாளர்கள் உட்கார்ந்து பேசி ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இடம் மாற்றுவதே தப்பு என்று சொல்ல வருகிறேனா? இல்லை. டான் கார்ட்டர் 2003-இல் நியூசிலாந்துக்காக முதலில் ஆடியது 12-இல். 2004 கடைசியில்தான் 10 அவருடைய இடமானது. 2005-இல் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணிக்கு எதிராக வெலிங்டனில் ஒரே டெஸ்ட்டில் 33 புள்ளிகள் எடுத்தார். மைக் கேட் 1995 அரையிறுதியில் இங்கிலாந்தின் ஃபுல் பேக். லோமு அவர்மேல் ஏறி மிதித்துப் போன காட்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே கேட், 2007 உலகக் கோப்பை இறுதியில், 36 வயதில், இன்சைட் சென்டராகத் தொடங்கினார். அண்மையில் ஜோர்டி பாரெட். உயரமான ஃபுல் பேக், 2022 செப்டம்பரில் 12-இல் நிறுத்தப்பட்டார், அதிலேயே நிலைத்துவிட்டார்.

இவர்களுக்கும் கல்லனுக்கும் என்ன வித்தியாசம்? கார்ட்டரையும் ஜோர்டியையும் அவர்களுடைய திறமை எதைக் கேட்கிறதோ அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். கல்லனை அணியில் எங்கே ஓட்டை இருந்ததோ அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். முதலாவது ஆட்டக்காரரைப் பார்த்துச் செய்வது. இரண்டாவது பட்டியலைப் பார்த்துச் செய்வது.

உண்மையிலேயே ஃபார்ம் போவதும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். ஓர் ஆட்டக்காரர் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைத் தப்பாகச் செய்கிறாரா, அல்லது சரியான வேலையைத் தாமதமாகச் செய்கிறாரா? வருடக்கணக்காகப் பிடித்த உயரப் பந்தைக் கைநழுவ விடுகிறார், பழகிய உதை கம்பத்துக்கு வெளியே போகிறது, எதிராளியை மறித்து வீழ்த்தும் டாக்கிளில் தலை தவறான பக்கம் போகிறது என்றால் அது ஃபார்ம். உடம்பிலோ மனதிலோ எங்கோ சிக்கல், எந்த எண் கொடுத்தாலும் அது கூடவே போகும். கை கால் எல்லாம் சரியாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் அரை நொடி தாமதமாகிறது, பாஸ் வருவதற்குள் வாசல் மூடிவிடுகிறது என்றால், அவர் படித்துப் பழகாத பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. முன்னால் உள்ள ஃபார்வர்டுகள் அடிவாங்கிக்கொண்டிருந்தால், உலகின் எந்த 10-ஆம் எண்காரரும் மோசமாகத்தான் தெரிவார். பந்து மெதுவாக வரும், எதிராளி பந்தோடு சேர்ந்து வருவார். அதற்கு அவரை மாற்றிப் பயனில்லை.

க்வேட் கூப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் 10. நியூசிலாந்தில் பிறந்தவர். 2011-இல் அந்த மண்ணிலேயே உலகக் கோப்பை. தொடர் முழுக்கக் கூட்டம் அவரைக் கூச்சலிட்டுத் துரத்தியது. அரையிறுதியின் தொடக்க உதையையே நேராக வெளியே அடித்தார். அது சுத்தமாக மனம் சம்பந்தப்பட்டது. தற்காப்பின்போது அவரைப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்தும் பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை. பத்து வருடம் கழித்து, 2021-இல், 33 வயதில் திரும்பி வந்தார். அதே 10. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எட்டு உதை, எட்டும் உள்ளே. கடைசி உதை நேரம் முடிந்த பிறகு. 28-26. அவருக்குத் தேவைப்பட்டது வேறு எண் அல்ல, காலம்.

பியூடன் பாரெட் விஷயத்தில்தான் எனக்கும் பலருக்கும் கருத்து மோதும். 2016, 2017 இரண்டு வருடமும் உலகின் சிறந்த ஆட்டக்காரர், 10-இல். 2018-இல் வெலிங்டனில் தென்னாப்பிரிக்காவிடம் 36-34 தோல்வி. நியூசிலாந்து ஆறு ட்ரை அடித்தும், ட்ரைக்குப் பின் கம்பத்துக்கு உதைத்துப் பெறும் கூடுதல் புள்ளி இரண்டுக்குத்தான் கிடைத்தது, உதைத்தவர் பாரெட். அடுத்த வருடம் ரிச்சி மோவுங்கா 10, பாரெட் 15. ஆட்டத்தை நடத்த இரண்டு பேர் என்ற திட்டம். 15-இல் அவர் கெட்டுப்போகவில்லை. 2023 இறுதியில் நியூசிலாந்தின் ஒரே ட்ரை அவருடையது. உலகக் கோப்பை இறுதிகளில் தென்னாப்பிரிக்கா விட்டுக்கொடுத்த முதல் ட்ரையும் அதுதான். ஆனாலும் பந்து அவர் கைக்குப் பத்து முறை வந்த ஆட்டத்துக்கும், ஐம்பது முறை வரும் ஆட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு. கம்பத்துக்கு உதைப்பதில் தடுமாறியவரிடமிருந்து ஆட்டத்தை நடத்தும் வேலையையும் சேர்த்து எடுத்திருக்கத் தேவையில்லை. உதைக்கும் பொறுப்பை மட்டும் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கலாம். 2024 நவம்பரில் ட்விக்கன்ஹாமில் அவர் மறுபடி 10-இல் தொடங்கியபோது எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

பயிற்சியாளர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் புரிகிறது. ஆட்ட நாளில் 23 பேர், மாற்று ஆட்கள் எட்டு. அதில் பேக்குகளுக்குப் பெரும்பாலும் மூன்று இடம். 2023 இறுதியில் தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு பேக்கைத்தான் வெளியே வைத்திருந்தது. அப்படியானால் நாலு இடத்தில் ஆடத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். அந்த மதிப்பே அவருக்கு எதிராகவும் திரும்பும். வேல்ஸின் ஜேம்ஸ் ஹுக் 81 டெஸ்ட் ஆடினார். 10, 12, 13, 15 என்று எல்லாம் ஆடினார். எதுவும் அவருடையதாகவில்லை.

பேச்சுக்கு முன்னால் ஒரு தம்பி கேட்டார், வில் ஜோர்டன் விங்கா ஃபுல் பேக்கா என்று. 2023 உலகக் கோப்பையில் விங்கில் எட்டு ட்ரை அடித்து, ஒரு தொடரின் சாதனையைச் சமன் செய்தவர். அவரை நகர்த்தச் சொல்வது துணிச்சல்தான். ஆனாலும் அந்த ட்ரைகளை மறுபடி பாருங்கள். பல இடங்களில் அவர் தன் ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்து, யார் உடைத்துக்கொண்டு போவார் என்று முன்கூட்டியே ஊகித்து அவர் தோளுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். அது பின்னாலிருந்து முழு ஆட்டத்தையும் படிப்பவரின் கண். என் பதில் 15.