85 ஏக்கர் என்றார்கள், நான் எண்ணினால் 80

வணக்கம் உறவுகளே. குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று முழுக்கக் கத்தியிருக்கிறேன், பாதி நேரம் தரகரிடம், பாதி நேரம் என் வண்டியிடம். எனக்குப் பின்னால் நிற்கிறதே எக்ஸ்எல் மொபெட், அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். டயர் எங்கே என்று தேடாதீர்கள், உள்ளே இருக்கிறது. வெளியே தெரிவதெல்லாம் கரிசல் மண். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றே கழுவாமல் வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "விளாத்திகுளம் பக்கம் 85 ஏக்கர் கரிசல் பூமி, ஒரே இடத்தில், ஏக்கர் 6 லட்சம், மொத்தமாக மட்டும்" என்று ஒரு விளம்பரம் இரண்டு வாரமாகச் சுற்றுகிறது. உங்களில் எத்தனை பேர் அதை எனக்கு அனுப்பினீர்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். "அக்கா, போய்ப் பார்த்து வாருங்கள்" என்று ஒரே நச்சரிப்பு. நான் வாங்கமாட்டேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் இருப்பது 2 ஏக்கர் 30 சென்ட், அதையே உழுது முடிப்பதற்குள் பங்குனி வந்துவிடுகிறது. ஆனால் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவளுக்கு, யாராவது "மொத்தமாக மட்டும்" என்று சொன்னால் கை அரிக்கிறது.

அந்த விளம்பரத்தில் ட்ரோன் வீடியோ வேறு போட்டிருக்கிறார்கள். ட்ரோன் வீடியோ எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். முந்நூறு அடி உயரத்திலிருந்து பார்த்தால் எந்தப் பூமியும் அழகுதான், சுடுகாடுகூட அழகுதான். பின்னணியில் புல்லாங்குழல். கீழே "பண்ணை வீடு அமைக்க ஏற்ற இடம்" என்று ஒரு வரி. இந்த வரியைக் கண்டுபிடித்தவரை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும். கரிசலில் வீடு கட்டிப் பார்த்திருக்கிறாரா அவர்? மழைக்கு மண் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், சுவரில் விரல் நுழைகிற விரிசல் வரும். உளுந்துக்கும் பருத்திக்கும் கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் பிறந்த மண் அது. விதைக்கிற பூமியை விதைக்கிற பூமி என்று சொல்லி விற்றால் என்ன கேவலம்?

சரி, போனது எப்படி என்று சொல்லவேண்டும். காலை ஆறரைக்குக் கோவில்பட்டியிலிருந்து கிளம்பினேன். பையில் வழக்கம்போலத் தண்ணீர், தொப்பி, ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். தரகர் காரில் வருகிறேன் என்றார். தரகர் காரில் நான் ஏறமாட்டேன் என்பது என் விதி, அது ஏன் என்று அந்தப் பழைய வீடியோவில் சொல்லியிருக்கிறேன், மறுபடி சொன்னால் இரத்தக்கொதிப்பு வரும். "தார்ச்சாலையிலிருந்து நிலம் வரைக்கும் சரள் பாதை, வண்டி தாராளமாகப் போகும்" என்றார். நானும் நம்பினேன்.

சரள் இருந்தது. இருநூறு அடி இருந்தது. அதற்கப்புறம் வெறும் கரிசல். முந்தின இரவு கார்த்திகை மழை நன்றாக இறங்கியிருக்கிறது. கரிசல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த மண் நனைந்தால் வழுக்குவதோடு நிற்காது, ஏறிக்கொள்ளும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு அடுக்கு, இன்னொரு சுற்றுக்கு இன்னொரு அடுக்கு. பத்தடி போவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடமே இல்லை. சக்கரம் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினால் வண்டி சக்கரத்தில் உருளவில்லை, சறுக்குமரம்போல இழுபடுகிறது. வேலிக்கருவைக் குச்சி ஒன்றை ஒடித்துச் சுரண்டினேன். முள் கையில் ஏறியது, இதோ பாருங்கள். சுரண்டி எடுத்த மண்ணைப் பக்கத்தில் வைத்தால் ஒரு படி தேறும். மறுபடி பத்தடி. மறுபடி ஒரு படி. இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை வண்டியை அங்கேயே சாத்திவிட்டு நடந்தேன். செருப்புக்கும் அதே கதி, ஒவ்வோர் அடிக்கும் ஓர் அங்குலம் உயரமானேன். நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தரகரைவிட நான்தான் உயரம். அவரும் காரைச் சரளிலேயே விட்டுவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டுதான் வந்தார். எனக்கு அதில் ஒரு திருப்தி, மறைக்கவில்லை.

இதே பக்கம் சித்திரையில் வந்தபோது தரையில் வெடிப்பு பார்த்தோமே, என் கை முழங்கை வரைக்கும் உள்ளே போனதே, ஞாபகம் இருக்கிறதா? அதே மண்தான். இப்போது அந்த வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டுவிட்டது. இங்கே ஒரு வருஷத்து மழை 700 மில்லிமீட்டருக்கு உள்ளேதான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். இந்த வருஷம் வானம் குறை வைக்கவில்லை. உளுந்து பூவெடுத்து நிற்கிறது, கண்ணுக்கு எட்டின தூரம் பச்சைக்குள் சின்னச் சின்ன மஞ்சள். மேற்கே மக்காச்சோளம் இடுப்பளவு. குருத்தைப் பிரித்துப் பார்த்தேன், படைப்புழுவின் எச்சம் மரத்தூள்போல இருந்தது. 2018-இல் இந்தப் பக்கத்து மக்காச்சோளத்தையே அழித்த புழு, இன்னும் போகவில்லை. விளம்பர வீடியோவில் புழு இல்லை.

இப்போது என்னுடைய வெற்றிக் கதை. நிதானமாகச் சொல்லப்போகிறேன், அவசரம் உள்ளவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

தரகர் ஒரு தாளில் புல எண்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். பதினோரு எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஹெக்டேர், ஏர்ஸ் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு). கூட்டினால் மொத்தம் 34 ஹெக்டேர். "85 ஏக்கர், கணக்குச் சரிதானே?" என்றார். எப்படி என்று கேட்டேன். "ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர், 34-ஐ இரண்டரையால் பெருக்கினால் 85."

உறவுகளே, போன மாசி வீடியோவில் நானும் இதே தப்பைச் செய்தேன். வாய்தவறி இரண்டரை என்று சொல்லிவிட்டேன், நீங்கள் எத்தனை பேர் வந்து திருத்தினீர்கள்! அன்றைக்குக் கோபப்பட்டேன், இன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு ஹெக்டேர் என்பது 2.471 ஏக்கர். அரை ஏக்கர் வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. 34 ஹெக்டேருக்குப் போட்டுப் பாருங்கள்: 84 ஏக்கர்தான் வருகிறது. வெறும் பெருக்கலில் ஓர் ஏக்கர் முளைத்திருக்கிறது! ஆறு லட்சம் ரூபாய்! விதை வேண்டாம், உழவு வேண்டாம், மழைகூட வேண்டாம்.

அதோடு நிற்கவில்லை. பதினோரு புல எண்ணில் பத்துக்குப் பக்கத்தில் பட்டா எண் எழுதியிருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. "இதற்கு?" என்றேன். "அது சின்னது, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். சின்னது எவ்வளவு தெரியுமா? 1.62 ஹெக்டேர். நாலு ஏக்கர். வரப்பில் உட்கார்ந்து கைப்பேசியில் வருவாய்த் துறை இணையதளத்தைத் திறந்தேன். சிக்னல் இல்லை. எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தேன், ஒரு கோடு வந்தது. எந்தப் பூமி யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அரசின் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணைப் போட்டேன். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை வந்தது: அரசு புறம்போக்கு, ஓடை.

ஓடையை விற்கிறார்கள், உறவுகளே. ஏக்கர் 6 லட்சத்துக்கு ஓடையை!

நடந்துபோய்ப் பார்த்தேன். நிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு வடக்கிலிருந்து தெற்கே போகிறது. கரிசலுக்கு நடுவில் வெளுத்த மணல், இரண்டு கரையிலும் நாணல், மணலில் மயில் கால் தடம். முந்தின இரவு மழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே ஒரு கிலோமீட்டரில் ஊர்க் கண்மாய், அதற்கு இதுதான் வரத்து. இந்தப் பக்கமெல்லாம் எட்டயபுரம் ஜமீனாக இருந்த பூமி. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபிறகு இப்படிப்பட்ட பொது நீர்வழிகள் அரசுக்குப் போயின. அதைத்தான் "சின்னது, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வாங்குகிறவர் வெளியூர்க்காரர் என்றால் முதல் வேலையாகச் சுற்றிலும் கம்பிவேலி போடுவார். இரண்டாவது வேலையாக, மேடுபள்ளம் இல்லாமல் ஜேசிபி வைத்துச் சமன் செய்வார். கண்மாய் நிரம்பவில்லையே என்று மூன்றாம் வருஷம் ஊர் யோசிக்கும்.

ஆ, அண்ணாச்சியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓடைக்கு முந்தியே அவரைத்தான் பார்த்தேன். உளுந்துக்குள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார், அறுபது வயது இருக்கும். இதில் 12 ஏக்கரை 19 வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறார். எழுத்தில் ஒன்றும் கிடையாது, தை பிறந்ததும் ஏக்கருக்கு 2,500 ரூபாய் கையில் கொடுத்துவிடுவாராம். "விற்கப் போகிறார்கள் என்று தெரியுமா, அண்ணாச்சி?" என்றேன். "மேலே ஏதோ பறந்தது தாயி. மருந்து அடிக்கிற யந்திரம் என்று நினைத்து, எங்களுக்கும் அடித்துவிடச் சொல்லலாமா என்று கேட்கப் போனேன். அதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார்.

அப்படித்தான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கடலைமிட்டாயைக் கொடுத்தேன். பல் இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பேரனுக்கு என்று மடியில் முடிந்துகொண்டார். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்தச் சமயத்தில் ஓடை எதுவரைக்கும் ஏறியது என்று காட்டினார். அவர் காட்டிய இடம் ஓடைக்கரையிலிருந்து என் நடையில் அறுபது தப்படி.

விளம்பரத்தில் "வில்லங்கம் இல்லை" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உண்மைதான், பதிவான ஆவணம்தான் வில்லங்கச் சான்றில் வரும். வாய்ப்பேச்சுக் குத்தகை அதில் வராது. 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டு வரவேண்டும். பத்திர அலுவலகத்தில் நான் பார்த்த முக்கால்வாசிச் சண்டை சான்றில் வராத வில்லங்கத்தால் வந்ததுதான்.

கிணறு, கிணறு. இரண்டு கிணறு, "இலவச மின் இணைப்புடன்". வழக்கம்போல வாயில் ஊற்றிப் பார்த்தேன். வடக்குக் கிணறு குடிக்கலாம். தெற்குக் கிணறு உப்பு, காறித் துப்பிவிட்டேன். அதை வீடியோவில் வெட்டிவிடுகிறேன். மின் இணைப்பு இருக்கிறது, மோட்டார் இல்லை, மோட்டார் இருந்த இடத்தில் நாலு போல்ட் இருக்கிறது.

"ஒரே ஆள் இவ்வளவு வைத்துக்கொள்ளலாமா அக்கா, உச்சவரம்பு இல்லையா" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1961-இல் 30 தர ஏக்கர் என்று கொண்டுவந்தார்கள், 1970-இல் ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 என்று குறைத்தார்கள். ஆனால் தர ஏக்கர் வேறு, நாம் சொல்லும் ஏக்கர் வேறு. மானாவாரிப் புஞ்சைக்குத் தீர்வையைப் பொறுத்து ஒரு தர ஏக்கருக்குப் பல ஏக்கர் ஈடாகும். அதைத் தனி வீடியோவில் பேசுவோம், இன்றைக்குத் தொண்டை தாங்காது.

கணக்கை முடித்துவிடுகிறேன். ஓடையைக் கழித்தால் 32.38 ஹெக்டேர், அதாவது 80 ஏக்கர். அவர் கேட்பது 85-க்கு, 5 கோடியே 10 லட்சம். 80-க்கு என்றால் 4 கோடியே 80 லட்சம். இதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது மட்டும் 43 லட்சத்தைத் தாண்டும். தரகரிடம் இதையெல்லாம் வரப்பிலேயே நின்று சொன்னேன். "நீங்கள் வாங்குகிற ஆள்தானா?" என்று கேட்டார். கத்தல் அங்கேதான் ஆரம்பித்தது.

இதை எடுத்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் உங்களில் ஒருவர் புது விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார், அதனால்தான் மறுபடி கேமராவைப் போட்டேன். அதே ட்ரோன், அதே புல்லாங்குழல், அதே பண்ணை வீடு. ஏக்கர் மட்டும் 80 என்று திருத்தியிருக்கிறார்கள். நான் கத்தியது வீண் போகவில்லை என்று சந்தோஷப்பட்டு விலையைப் பார்த்தேன். ஏக்கர் 6,37,500 ரூபாய்.

80-ஐ 6,37,500-ஆல் பெருக்கிப் பாருங்கள். நான் போய் அந்தச் சக்கரத்தைக் கழுவுகிறேன்.