ஊமைப்படக் குதிரையில் ஏறிய ஜான் வெய்ன்

[திரையில்: மலைச்சரிவில் பாயும் வெளிர்நிறக் குதிரை. ஆளின் முகம் தெரியாத தூரக் காட்சி.]

குதிரைமேல் இருப்பது ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் என்று நம்பித்தான் பார்க்கிறோம். அடுத்த ஷாட்டில் அவர் முகமும் வந்துவிடுகிறது. ஆனால் சரிவில் பாய்ந்தது கென் மேனார்ட் என்ற வேறொரு நடிகர். அதுவும் சில வருடங்களுக்கு முன், ஊமைப்படத்துக்காக.

1932, 33-இல் வார்னர் பிரதர்ஸ் வெய்னை வைத்து ஆறு சின்ன பட்ஜெட் வெஸ்டர்ன்கள், அதாவது கௌபாய் படங்கள், எடுத்தது. அப்போது அதன் கைவசம் ஃபர்ஸ்ட் நேஷனல் என்ற பட நிறுவனத்தின் மேனார்ட் படங்கள் இருந்தன. மாட்டு மந்தை மிரண்டு ஓடுவது, வண்டித் துரத்தல் என்று தாராளமாகச் செலவழித்து எடுத்த காட்சிகள். வெய்னுக்கு மேனார்டின் உடை மாதிரியே தைத்து, மேனார்டின் டார்ஜான் என்ற குதிரைக்கு ஜாடையாக டியூக் என்ற குதிரையைப் பிடித்தார்கள். தூரக் காட்சிகளுக்குப் பழைய பிலிமையே ஒட்டிக்கொள்ளலாம், வேலை பாதி முடிந்தது.

புதிதாகத் துரத்தல் எடுத்தாலும் மைக்கை அணைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். வெளியில் காற்று மைக்கில் மோதி இரையும். கேமரா மோட்டாரின் சத்தம் வேறு. அதை அடக்கக் கேமராவை உறைபோட்டு மூடினால் கனம் ஏறிவிடும், வண்டியில் வைத்து ஓட முடியாது. அதனால்தான் பேச வேண்டியது வந்ததும் எல்லோரும் குதிரையை விட்டு இறங்கி ஒரே இடத்தில் நிற்கிறார்கள். குளம்புச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் பிற்பாடு சேர்ப்பது.

[திரையில்: 35 மி.மீ. பிலிம் இரண்டு துண்டு, பக்கத்தில் பக்கம்.]

ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க இடது ஓரத்தைப் பாருங்கள். ஊமைப்படத்தில் பிம்பம் பிலிமின் ஒரு ஓரத்துப் பல்துளை (பிலிமை இழுக்கும் பற்கள் மாட்டும் துளை) முதல் மறு ஓரத்துப் பல்துளை வரை, ஏறக்குறைய ஓர் அங்குலம். பேசும்படத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு ஒலித்தடத்துக்குப் போய்விடும். பழைய காட்சியை அப்படியே பிரதி எடுத்தால் இடப்பக்கம் வெட்டுப்படும்: சவாரிக்காரர் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்பார், இடக்கோடியில் வருபவருக்குப் பாதி உடம்புதான். பிரதியின் பிரதி என்பதால் பிம்பத்தின் புள்ளிகளும் தடித்திருக்கும்.

வேகமும் காட்டிக்கொடுக்கும். நொடிக்கு 18 பிரேமில் எடுத்ததைப் பேசும்படத்தின் வேகமான 24-இல் ஓட்டினால், 10 நொடி ஓட்டம் ஏழரை நொடியில் முடிந்துவிடும். துரத்தலில் இது லாபம்தான், குதிரை பறக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஷாட்டின் கடைசியில் ஆள் கீழே குதித்து நாலு எட்டு வைத்தாரோ, போச்சு: பொம்மை மாதிரி துள்ளுவார். எடிட்டர் கெட்டிக்காரராக இருந்தால், கால் தரையில் படுவதற்கு முன்பே கத்தரி விழுந்திருக்கும்.