பேரண்டமே கைக்குள், பதில் மட்டும் வரவில்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2018-இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தானோஸ் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஊதா நிற முகம், தங்கக் கையுறை, அதில் ஆறு கற்கள். விரலைச் சொடுக்குகிறான், பேரண்டத்து உயிர்களில் பாதி இல்லாமல் போகின்றன. உயிர்கள் பெருகிவிட்டன, இருக்கும் வளம் போதாது என்று படத்தில் அவன் காரணம் சொல்வான். மூலக்கதையான காமிக்ஸில் காரணம் வேறு. ஒரு பெண் தன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காகத்தான் அவன் அதைச் செய்தான். அந்தப் பெண் மரணதேவி.

அந்தக் கதையின் பெயர் ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’. 1991-இல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் ஆறு இதழ்களாக வெளியிட்டது. எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். முதல் மூன்று இதழ்களையும் நான்காவதில் ஒரு பகுதியையும் வரைந்தவர் ஜார்ஜ் பெரஸ். மீதியை ரான் லிம் வரைந்து முடித்தார்.

இதைக் கிராஸ்ஓவர் என்பார்கள். தனித்தனி இதழ்களில் வாழும் நாயகர்கள் எல்லோரும் ஒரே கதைக்குள் வந்து சேர்வார்கள். அந்தக் கதையின் கிளைகள் அவரவர் சொந்த இதழ்களிலும் ஓடும். இந்தக் கதைக்கும் சில்வர் சர்ஃபர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஹல்க், குவேசார் இதழ்களில் கிளைகள் உண்டு. இதில் வியாபாரமும் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1984-இல் மார்வெல் தொடங்கிய ‘சீக்ரெட் வார்ஸ்’, மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளோடு கைகோத்து வந்ததுதான். எல்லா நாயகர்களையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டால் இதழ் விற்கும். ஆனால் அப்படிக் கூட்டம் சேர்த்த கதைகளில் பல, படித்து முடித்த மறுவாரம் மறந்துபோகும். இந்தக் கதை மறக்கவில்லை. ஏன் என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

தானோஸ் முதலில் தோன்றியது 1973-இல், அயர்ன் மேன் 55-ஆம் இதழில். ஸ்டார்லின் கடற்படையில் பணியாற்றிவிட்டுக் கல்லூரிக்குப் போனவர். அங்கே உளவியல் வகுப்பில் மனித மனத்துக்குள் இருக்கும் சாவு நாட்டத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் இந்தப் பாத்திரம் அவர் மனதில் உருவாயிற்று. பிறந்ததிலிருந்தே தானோஸின் வயிற்றுக்குள் இருப்பது நாடு பிடிக்கும் ஆசையன்று, சாவின் மீதான மோகம்.

1990-இல் வந்த ‘தானோஸ் குவெஸ்ட்’ என்ற இரண்டு இதழ்களில், பேரண்டத்தின் மிகப் பழைய உயிர்கள் சிலரை ஏய்த்தும் வென்றும் ஆறு கற்களையும் அவன் சேர்க்கிறான். மனம், ஆன்மா, காலம், வெளி, ஆற்றல், மெய்ம்மை ஆகிய ஆறும் அவன் கைக்கு வந்துவிடுகின்றன. இனி மரணதேவிக்குத் தான் சமமானவன் என்ற பூரிப்போடு அவள் முன்னால் போய் நிற்கிறான். அவள் வாயே திறப்பதில்லை. பணிப்பெண்தான் விளக்கம் சொல்கிறாள்: நீ இப்போது அவளுக்குச் சமமானவன் இல்லை, அவளைவிட மேலானவனாகிவிட்டாய், ஆகவே அவள் உன்னிடம் பேசுவது முறையாகாது. எந்தச் சக்தியைக் கொண்டு அவளை நெருங்கலாம் என்று நம்பினானோ, அந்தச் சக்தியே குறுக்கே நிற்கிறது. சூப்பர்ஹீரோ காமிக்ஸில் நான் படித்த மிகக் கொடுமையான முடிவுகளில் இதுவும் ஒன்று.

மறுமொழி கிடைக்காமலே பேசிப் பேசி இன்பம் காண்பதைக் கைக்கிளை என்று வகுத்தது தொல்காப்பியம். ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ பேரண்ட அளவில் எழுதப்பட்ட கைக்கிளை. அவளுக்காக விண்வெளியில் ஓர் ஆலயம் எழுப்புகிறான், அவள் அசையவில்லை. சொடுக்குகிறான், பாதி உயிர்கள் மறைகின்றன; அப்போதும் பதில் இல்லை. அவளுக்குப் பொறாமை மூட்டத் தன் சாயலிலேயே டெராக்ஸியா என்றொரு பெண்ணைப் படைக்கிறான். எல்லாம் வல்லவனாகிவிட்ட ஒருவன் இவ்வளவு சின்னத்தனமாக நடந்துகொள்வதைப் பார்க்கையில், அவனைக் கண்டு அஞ்சுவதா, அவனுக்காக வருந்துவதா என்று நமக்கே புரியாது.

நான்காவது இதழில் நாயகர்கள் போருக்கு வருகிறார்கள். அவர்களை அனுப்பி வைப்பவன் தானோஸின் பழைய எதிரியான ஆடம் வார்லாக். அவன் திட்டம் ஈரமே இல்லாதது. இவர்கள் வெல்ல மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். தானோஸின் கவனம் ஒரு கணம் சிதறினால் போதும், பலகையேறி விண்ணில் பறக்கும் வெள்ளி உடல் நாயகன் சில்வர் சர்ஃபர் பாய்ந்து வந்து கையுறையைப் பறித்துவிடலாம் என்பதுதான் கணக்கு. ஒவ்வொருவராக விழுகிறார்கள். தோர் கண்ணாடியாகிச் சிதறுகிறான். அயர்ன் மேனின் தலையை டெராக்ஸியா பிய்த்தெடுக்கிறாள். கடைசியில் மிஞ்சுவது கேப்டன் அமெரிக்கா ஒருவர்தான்.

அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவரிடம் எந்த மாயசக்தியும் இல்லை. கையில் ஒரு கேடயம், அவ்வளவே. தன்னைவிட எத்தனையோ மடங்கு பெரிய உருவத்தை நோக்கி நேராக நடந்து போய், உன்னை எதிர்க்க ஒருவன் மிஞ்சி நிற்கும் வரை நீ வென்றதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறார். தானோஸின் ஒரே அடியில் உடையவே உடையாத அந்தக் கேடயம் தூள் தூளாகிறது. அதே வேளையில் சர்ஃபர் மின்னலாய்ப் பாய்ந்து வருகிறான். கையுறை மயிரிழையில் தப்பிவிடுகிறது. அத்தனை பேர் உயிரும் வீண்.

பிறகு கலாக்டஸ், இட்டர்னிட்டி போன்ற பேரண்டப் பேருருவங்கள் மோதுகின்றன. அவர்களையும் தானோஸ் வெல்கிறான். வென்ற களிப்பில் உடலை விட்டு வெளியேறித் தானே பேரண்டமாகிறான். கீழே கிடக்கும் உடலில் கையுறை அப்படியே இருக்கிறது. அவனுடைய பேத்தி என்று சொல்லிக்கொண்டவளும், அவன் பாதி எரிந்த நடைபிணமாக ஆக்கி வைத்திருந்தவளுமான நெபுலா மெல்ல நகர்ந்து வந்து அதைக் கழற்றி மாட்டிக்கொள்கிறாள்.

சிலர் இதைக் கதாசிரியரின் சௌகரியம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். கடைசி இதழில் வார்லாக் தானோஸிடமே சொல்கிறான்: மூன்று முறை உச்ச சக்தி உன் கைக்கு வந்தது, மூன்று முறையும் தோற்கும் வழியை நீயே ஏற்படுத்தித் தந்தாய், ஏனென்றால் அதற்கு நீ தகுதியானவன் இல்லையென்று உன் உள்மனதுக்குத் தெரியும். 1974-இல் வந்த கதையில், நினைத்ததை நடத்தித் தரும் காஸ்மிக் கியூபைக் கைப்பற்றியபோதும் இப்படித்தான். அதன் சக்தியை உறிஞ்சிக்கொண்டு கியூபை அலட்சியமாக விட்டான்; கேப்டன் மார்வெல் அதை உடைத்தார். பதினேழு ஆண்டுகள் இடைவெளிவிட்டு ஒரே குறையை ஒரே எழுத்தாளர் தொடர்ந்து எழுதியிருக்கிறார். அடியாளாகக்கூட மதிக்கப்படாத நெபுலாவின் கையால் அவன் வீழ்வது அதனால்தான் பொருந்துகிறது.

படிக்க விரும்புகிறவர்கள் நேரே ஆறு இதழ்களுக்குள் குதிக்க வேண்டாம். சில்வர் சர்ஃபர் 34-ஆம் இதழில் மரணதேவி தானோஸை உயிர்ப்பிப்பதிலிருந்து தொடங்கி, ‘தானோஸ் குவெஸ்ட்’டை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். கிளைக்கதைகளில் சில்வர் சர்ஃபரை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். மற்றவற்றை விட்டுவிட்டாலும் கதை எங்கும் அறுபடாது. இதே வரிசையில் 1992, 1993-இல் வந்த அடுத்த இரண்டு தொடர்களும் என் பார்வையில் இதன் உயரத்தை எட்டவில்லை. அவற்றில் கூட்டம் இருக்கிறது, அந்த ஏக்கம் இல்லை.

நன்றி, வணக்கம்.